இன்றைக்குக் குட்டி பாடட்டும்

என்னங்க,

கச்சேரி டிக்கெட் இரண்டும் உங்கள் நீலச் சட்டைப் பையில் இருக்கின்றன. நாலு மணிக்கு ஆரம்பம். பஸ் நெரிசலில் மாட்டும், குட்டியோடு மெட்ரோவில் போங்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் ஆறு வரை டியூட்டி. சாப்பாடு அடுப்பு மேல்.

போன தடவை பாடகரோடு சேர்ந்து நம் குட்டியும் உரக்கப் பாடினாள். முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்ததும், "மானம் போச்சு" என்று பாதியிலேயே தூக்கி வந்துவிட்டீர்கள். அதற்காக நான் கத்தியதும் அதிகம்தான்.

அன்றிலிருந்து அவள் குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. இன்று தலை வாரும்போது கேட்டாள்: "அம்மா, நான் வாயைப் பொத்திக்கிட்டா அப்பா கடைசி வரைக்கும் இருப்பாரா?" அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: யாராவது திரும்பிப் பார்த்தால், "என் பொண்ணுதான்" என்று சொல்லுங்கள். அவள் காதிலும் விழட்டும்.