மிம்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன்

ரோட் தீவு,
ஒன்பதாம் மாதம்

அன்பு மகன் எல்கானாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பார்படோஸ் வெயில் உன்னையும் உன் மனைவியையும் வாட்டாமல் இருக்க வேண்டும். உன் தங்கை ரோடாவுக்கு இரண்டாவதும் பெண் பிறந்திருக்கிறது, ஆப்பிள் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, என் மனசு மட்டும்தான் சரியில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று நீ கப்பலேற்றி அனுப்பிய உன் தோட்டத்து அடிமைப் பெண் மிம்பா வந்து சேர்ந்தாள். ஊர் ஊராகக் குதிரையில் போய், மனுஷரை மனுஷர் விலைக்கு வாங்குவது பாவம் என்று சபைகளில் எழுந்து பேசுகிறவள் நான். எனக்கே ஒரு பெண்ணைப் பரிசாக அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது எல்கானா? அதைவிடப் பெரிய கொடுமையைக் கேள். வாசலில் வந்து நின்றவளின் மார்புத் துணி நனைந்திருந்தது. என்ன என்று கேட்டேன். புள்ளைய அங்கயே வச்சுக்கிட்டாங்கம்மா, பால் வத்திடக் கூடாதுன்னு வழியெல்லாம் பீச்சிப் பீச்சிக் கடல்ல விட்டேன், வத்திட்டா அவன் எனக்கு இல்லன்னு ஆயிடுமே என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்குப் பால் கொடுத்த மார்பு அன்றைக்கு எனக்கு வலித்தது. உடனே அவளுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இத வச்சு நான் என்னம்மா பண்ண, என் புள்ள குவாக்கோவைக் குடுங்க என்று அதைத் திருப்பி நீட்டினாள்.

வாரத்தின் முதல் நாள் சபைக் கூட்டத்தில் எல்லாரும் மௌனமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து, இதைச் செய்தவன் என் மகன், அவன் பேரை நம் சபையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். பெரியவர் ஓபதியா, உக்காரு தாம்சின், பெத்தவளே புள்ள பேரச் சந்தியில இழுக்கலாமா என்றார். நான் உட்காரவில்லை. உன் பேரை எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து உன் பழைய கம்பளிச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன்.

மிம்பா திரும்பிப் போயே தீருவேன் என்கிறாள். தனியாக அனுப்பினால், சீட்டு கையில் இருந்தாலும், துறைமுகத்திலேயே பிடித்துக் கட்டிவிடுவார்கள். அதனால் அடுத்த கப்பலில் நானும் அவளோடு வருகிறேன். நாலு படி ஏற முடியல, கடல் தாண்டப் போறாளாம் என்று அப்பா முணுமுணுத்தார், பிறகு அவரே என் பெட்டிக்குப் புதுக் கயிறு கட்டி, முழங்காலுக்குத் தேய்க்க வாத்துக் கொழுப்பும் எடுத்து வைத்தார்.

ராத்திரிப் பனியில் நிற்காதே, ரம் குடிக்காதே. உனக்குள் இருக்கும் ஒளியை ஆண்டவர் அணையவிடாமல் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே, நாங்கள் வரும்வரை குவாக்கோவை யாருக்கும் விற்றுவிடாதே, வேறு தோட்டத்துக்கும் அனுப்பாதே. கப்பல் வந்த சேதி கேட்டதும் என்னைக் கட்டிக்கொள்ள ஓடி வராதே. முதலில் குழந்தையைத் தூக்கி வந்து அவள் கையில் கொடு. அதற்குப் பிறகு என்னை அம்மா என்று கூப்பிடு.

உன்னைப் பெற்ற
தாம்சின்