தேசிங்கு பேரைப் பாடிய நைனாவுக்கு

என் ஆசை நைனாவுக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. இருக்கட்டும். ஆனால் நல்ல வார்த்தை அதோடு சரி, இனிமேல் எதிர்பார்க்காதே.

இதை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ மட்டும் என் வீட்டு விஷயத்தை என் காதோடு காதாகவா சொன்னாய்? புளியந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவில் மைக் பிடித்துப் பாடினாய். நான் பேப்பரில் எழுதுகிறேன். கணக்கு நேராகிவிட்டது.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் இல்லையா, அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் நைனா பகலில் ரயில்வே குட்ஷெட்டில் மூட்டை தூக்கினவர். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அங்கே போய் கானா பாடுவார். செத்தவர் பேரைச் சொல்லி, அவர் பிள்ளைகள் பேரைச் சொல்லி, அவர் குடித்த டீக்கடை வரைக்கும் சொல்லி அவர் பாட ஆரம்பித்தால் கல்லு மனசுக்காரனும் மூக்கைச் சிந்துவான். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பியை ஒரே பாட்டில் கட்டிப் பிடித்து அழ வைத்தவர். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது, நைனா. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தபோது தேசிங்கைப் பார்த்தேன். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவுக்காரர், மீன் போட வந்து போய்க்கொண்டிருந்தவர். அவர் ஜாதியும் நம்மை வேண்டாம் என்றது, நம்ம சனமும் கடல்காரன் வேண்டாம் என்றது. நீதான் எல்லாரிடமும் சண்டை போட்டுக் கட்டி வைத்தாய். என்னைப் பார்க்கத் தீவுக்கு வந்த அன்று படகிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தாய். அவர் உன் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவரை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆறவில்லை.

புயல் அடித்த அன்று கடலுக்குப் போனவர்களில் அவரும் ஒருத்தர். கூடப் போன இரண்டு பேரும் கரை ஒதுங்கினார்கள், பிணமாக. அவர் ஒதுங்கவில்லை. தீவில் பாதி வீடு இல்லை, குடிதண்ணீர்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. நீ வந்து என்னையும் கைக்குழந்தையையும் அவுசிங் போர்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். என் கொழுந்தன் படகு எடுத்துக்கொண்டு ஆந்திரா பக்கம் குப்பம் குப்பமாகத் தேடப் போனான். முன்னால் ஒரு புயலில் காணாமல் போனவனைச் சரக்குக் கப்பல்காரர்கள் தூக்கிப் போய் எங்கேயோ இறக்கிவிட்ட கதை தீவில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் டீசலுக்கு ஏற்பாடு செய்தார்கள். எனக்கு அந்தப் படகுதான் உயிர். அது ஓடுகிற வரைக்கும் நான் யார் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நம்ம ஏரியா நற்பணி மன்றத் தலைவர் வந்தார். சாவு, சடங்கு எதுவானாலும் தன் மூஞ்சியைப் பேனரில் போடுகிறவர். தீவு மக்களுக்கு நிதி திரட்டலாம், நீ பாடு என்றார். நீ உடனே கிளம்பினாய். நல்ல காரியம்தான். யார் இல்லை என்றார்கள்?

நான் மூன்றாவது மாடியில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழே இருந்து உன் குரல் கேட்டது. முதலில் தீவு என்றாய், அலை என்றாய், பிள்ளைக் குட்டிகள் பட்டினி என்றாய். சனங்கள் கறி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள் போலிருக்கிறது. உன்கூட அடிக்கிற டேப்பு மேளம் நின்றது. அப்புறம் அடி மாறியது. அது எந்த அடி என்று எனக்குத் தெரியாதா? உன் மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். பிணத்துக்கு முன்னால் அடிக்கிற அடி. அதற்கு மேலே உன் குரல், தேசிங்கு, தேசிங்கு என்று.

ஈரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஆட்டோக்காரர்கள் அழுகிறார்கள். கறிக்கடைக்காரர் கத்தியைப் போட்டுவிட்டு நிற்கிறார். மன்றத்துக்காரர்கள் பிடித்திருந்த துண்டில் ரூபாய் நோட்டாக விழுகிறது. நீ என்னைப் பார்த்தாய். பாட்டை நிறுத்துவாய் என்று நினைத்தேன். நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய். பாட்டுக்குள்ளேயே, கைக்குழந்தையோடு தாலியறுந்து நிற்கிற என் பொண்ணைப் பாருங்கள் என்றாய். என்னைப் பெற்ற நீ.

பொம்பளைகள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அன்றைக்குச் சாயந்திரமே நாலு பேர் பூவும் வளையலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள், தாலி அறுக்கிற சடங்கு எப்போது என்று கேட்டு. கதவைச் சாத்தினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள்.

"இன்னாத்துக்கு நைனா அவர் பேர பாடுன?" என்று கேட்டேன்.

"பேரு இல்லாம பாட்டு நிக்காதும்மா. தீவு தீவுன்னு தொண்ட கிழிய கத்தனேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அந்தத் தீவுல எனக்கு வேற யாரத் தெரியும்? அவன் ஒருத்தன் பேருதான் தெரியும்."

"உம் பேர வெச்சுப் பாட வேண்டியதுதான?"

நீ தலையைக் குனிந்துகொண்டு, அவன் வந்துட்டான்னா நானே மாலை போட்டுக் கூட்டிகினு வரேன் என்றாய். சாவுப் பாட்டைப் பாடிவிட்டு மாலையைப் பற்றிப் பேசின ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

அந்தக் காசில் நீ ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அரிசியும் பாயும் ஸ்டவ்வும் ஒழுங்காகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் மன்றத் தலைவர் சும்மா இருப்பாரா? உன் பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். சாமான் ஏற்றின படகில் ரேடியோ செட் கட்டி, அதைப் போட்டுக்கொண்டே ஏரியைத் தாண்டிப் போனார்கள். அரிசி கரையில் இறங்குவதற்கு முன்னால் உன் பாட்டு இறங்கிவிட்டது.

பொண்ணு குடுத்த மாமனே பாடிட்டார், அவருக்குத் தெரியாமலா பாடுவார், பிணம் கிடைத்திருக்கும் என்று தீவில் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் டீசலை நிறுத்திவிட்டார்கள். தேடப் போன கொழுந்தனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்தக் கரையில் ஆள் பிடித்துப் போன் செய்து, திரும்பி வா என்று சொல்லிவிட்டார்கள். அவன் இன்னும் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை. நான் தீவுக்கு ஓடிப் போய்ப் பார்த்தபோது படகு கரையில் ஏறி, வலை மூடிக் கிடந்தது. பொய், பொய் என்று கத்தினேன். பாவம், பொண்ணுக்கு இன்னும் தெளியவில்லை என்று என் கையில் அரிசிப் பையைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். குழந்தைக்குப் பசிக்குமே.

அந்தக் கரையில் மிச்சக் குப்பங்களில் கேட்டிருந்தால் இருந்திருப்பாரா? தெரியாது. அதுதான் நைனா, தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழியை நீ மைக் போட்டு மூடினாய்.

நான் எண்ணூருக்கு வந்து, ஒரு கம்பெனி கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். உனக்கு நெஞ்சு வலி வந்து குட்ஷெட்டிலேயே செத்துப்போனாய் என்று தகவல் வந்தது. வந்தேன். உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், உன் கட்டை விரலில் நகம் கறுத்திருந்தது. உனக்கு டேப்பு அடிக்கிற மாமா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தாளம் போடச் சட்டி பானை எல்லாம் வைத்து உட்கார்ந்தார். நான் எழுந்து, பாடக்கூடாது என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? ஊருக்கே பாடுனவன். அவனுக்குப் பாட்டு இல்லாம தூக்கறதா?"

"பாடு மாமா. பேரச் சொல்லாம பாடு."

அவர் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடி இல்லாமல், பாட்டு இல்லாமல் உன்னை எடுத்துக்கொண்டு போனார்கள். புளியந்தோப்பே என்னைக் காறித் துப்பியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் மறுபடியும் புயல் வந்தது. மறுபடியும் தீவுதான். மன்றத் தலைவர், இப்போது தலை நரைத்து, கையில் செல்போன் வைத்துக்கொண்டு எண்ணூருக்கு வந்தார். நிதி திரட்டப் போகிறோம், நைனாவின் கேசட்டைப் போட்டால் நல்லா வசூலாகும், நீ ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார். எவ்வளவு தைரியம் பார். கேசட்டைக் கொடுங்கள் என்று வாங்கி, அவர் எதிரிலேயே நாடாவை உருவி அடுப்பில் போட்டேன். அதில் இருந்தது உன் குரல் என்று எனக்குத் தெரியும். வேறு எங்கேயும் உன் குரல் இல்லை என்றும் தெரியும்.

அப்புறம் நானே போனேன். அதே கறிக்கடை வாசல். எனக்குப் பாட வராது. மைக்கைப் பிடித்து, தீவில் கடலுக்குப் போன ஆளுங்க சில பேர் இன்னும் வரலை, செத்தாங்கன்னு யாரும் சொல்லாதீங்க, முதல்ல தேடற படகுக்கு டீசல் வேணும், அரிசி அப்புறம் என்றேன். ஒருத்தரும் அழவில்லை. நீ வாங்கினதில் பாதிகூடச் சேரவில்லை. சேர்ந்ததை மன்றத்துக்காரர்கள் கையில் விடாமல் நானே கொண்டு போய்க் கொழுந்தனிடம் கொடுத்தேன்.

படகு இந்த முறை பாதியில் திரும்பவில்லை. ஆந்திராவில் ஒரு துறையில், காய்ச்சலோடு ஒருவர் வீட்டில் படுத்திருந்த ஒரு பையனைக் கண்டுபிடித்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் அம்மா அவன் மூஞ்சியைத் தடவித் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் பேரை யாரும் பாடியிருக்கவில்லை, நைனா. அதனால் அவனைத் தேடினார்கள்.

சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் மாதிரி எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. உன்னோடு சண்டை போட நீ இல்லை என்பதும் அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. நீ இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மன்னிப்பு வேறு, அதைக் கேட்காதே.

ஒரு வாக்கு கொடுக்கிறேன், கேட்டுக்கொள். கொழுந்தன் இப்போது அந்தக் கரைக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் பேரைச் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் வருகிறான். தேசிங்கு வந்தாலும் சரி, அவர் எலும்பு வந்தாலும் சரி, எனக்கு ஒரு முடிவு தெரிகிற அன்று டேப்பு மாமா வீட்டுக்கு நானே போய் அவர் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வருவேன். உன் பேரை, உன் அப்பா பேரை, குட்ஷெட்டை, நீ படகில் வாந்தி எடுத்ததை, எல்லாவற்றையும் சொல்லிப் பாடச் சொல்வேன். நானே துண்டு பிடிப்பேன். அதுவரைக்கும் உனக்குப் பாட்டு கிடையாது. செத்தவனா இல்லையா என்று ஊருக்குத் தெரியாமல் கிட. உன் மாப்பிள்ளை அப்படித்தான் கிடக்கிறார்.

இப்படிக்கு,
தாலி கழற்றாத உன் பொண்ணு,
மல்லிகா