தொப்பி நிறையக் கடற்பாசி

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதினால் அம்மாவின் இருமலைப் பற்றித் துருவுவாய், அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள்.

நேற்று தைத்த சட்டைகளைக் கொடுக்கக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனேன், உன் நினைவுதான். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவுக்கு அங்கேதான் போக்குவரத்துக் காவலர் பணி. வேலை முடிந்து மணலில் உட்கார்ந்தவள் கழற்றி வைத்த தொப்பியில் வழவழவென்ற பாசியை அள்ளி நிரப்பிவிட்டாய். எவ்வளவு அலசியும் வாடை போகவில்லை, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு நின்றாள். லாரிக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்களாம், உங்கள் புகைக்கு இது எவ்வளவோ தேவலாம் என்று சொல்லிச் சிரித்தாளாம். அப்போதெல்லாம் அவள் சிரித்தால் இருமல் வராது.

அந்தப் புகைதான் இப்போது மார்பில் குடியேறிவிட்டது. மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது, சாலையில் நிற்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை. உன் ஆராய்ச்சிக்கூடத்தில் தூசி பட்டு வீங்கிய செல்களில் கடற்பாசிச் சாற்றை விட்டதும் வீக்கம் தணிந்தது என்று நீ போனில் சொன்னாயே, அன்றெல்லாம் அம்மா சாலைச் சந்திப்பில் ஆட்டோக்காரர் ஒருவரையும் விடாமல் ஒரே தம்பட்டம். அதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு டப்பா பாசிப் பொடி வாங்கி வந்தார். எனக்கும் ஆசை, வெந்நீர்கூட வைத்துவிட்டேன். அம்மா டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். "கண்ணாடித் தட்டுல நடந்தது மனுஷ உடம்புல நடக்குமான்னு தெரியவே வருஷக்கணக்காகும்னு அவளே சொல்லிட்டா. இது அவ மருந்து இல்லைங்க" என்றாள். வைத்த வெந்நீரை அவளுக்கு வெறுமனே குடிக்கக் கொடுத்தேன்.

ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் அழுதாயாமே. என்னிடம் மூச்சு விடவில்லை அவள். திங்கட்கிழமை நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், இத்தனை நாள் வேண்டாம் என்று தள்ளிவந்த உள்வேலையைத் தானே கேட்டு வாங்கிவிட்டாள். இப்போது சிக்னல் ஓரத்துக் கண்ணாடி அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தக் கோட்டைத் தாண்டும் வண்டிகளை அங்கிருந்தே விரட்டுகிறாள். திடீரென்று என்ன ஞானோதயம் என்று கேட்டேன். "அவ மருந்து வர நாளாகும். அதுவரைக்கும் நான் இருக்கணும்ல" என்றாள். அதனால் நீ வர வேண்டாம், விடுமுறைக்கு வந்தால் போதும்.

எடுத்த காரியம் கைகூடி, நீ நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். அந்தத் தூசியோடு வேலை செய்யும்போது முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிடாதே, இது அம்மாவின் உத்தரவு.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா