கமலி, பிள்ளை பிந்தித்தான் தொடங்கினாள்

என் அன்பான கமலிக்கு,

நேற்று டவுன்டவுனில் ஒரு பெரிய தேவாலயத்தில், அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் என் மானத்தை விற்றுவிட்டு வந்தேன். சிரிக்காதே. சரி, சிரி.

எங்கள் அபி யூனிவேர்சிட்டிப் பாடகர் குழுவில் பாடுகிறாள். நீ போன பிறகுதான் சேர்ந்தாள், உனக்குத் தெரிந்திராது. நேற்றுப் பாடியது இறந்தவர்களுக்கான பூசைப் பாட்டு. நானூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினில் ஒரு மகாராணி செத்தபோது எழுதியதாம். லத்தீன். மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை, வெறும் தொண்டைதான்.

முதலில் ஒரு குரல் தனியே தொடங்கியது. பிறகு மேல் குரல்கள் வந்தன, ஆண்கள் வந்தார்கள். எங்கள் பிள்ளை மட்டும் வாய் மூடி நின்றாள். மறந்துபோனாள் என்றே நினைத்தேன். அவள் பக்கத்தில் நின்றவர்களும் பாடவில்லை என்பதைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் மேடைக்குக் கீழே நின்று நீ வாயசைத்து எடுத்துக்கொடுப்பாயே, அந்த வேலை இப்போது என்னுடையது அல்லவா? ‘பாடு, பாடு’ என்று கையைக் காட்டினேன். எடுத்துக்கொடுக்க எனக்கு லத்தீனில் என்ன தெரியும்? என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையை மெல்லப் பிடித்து என் மடியிலேயே வைத்துவிட்டார்.

அப்புறம் அபி நுழைந்தாள். மற்றவர்கள் பாடிய அதே வரி, கொஞ்சம் கீழே, கொஞ்சம் பிந்தி. எல்லோரும் ஒரே நேரத்தில் வேறுவேறு இடத்தில் நிற்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை. தொடையில் தாளம் போடப் பார்த்தேன். நான் தட்டும் இடத்தில் பாட்டு இல்லை.

ஒரு மகாராணிக்கு அழ ஆறு வகைக் குரல், கமலி. உனக்கு நானும் அவளும்தான். அதுவும் ஆளுக்கொரு அறையில்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டாள்.

“என்னப்பா கை காட்டினனீங்கள்?”

“மறந்திட்டாய் எண்டு நினைச்சன், பிள்ளை.”

“எங்கட பாகம் பிந்தித்தான் வரும். மற்றவையைக் கேட்டுக்கொண்டு நிண்டுதான் உள்ளுக்க வரவேணும்.”

“மூச்சு எப்ப விடுறனீங்கள்? ஒரு இடத்திலயும் நிக்கேல்லையே.”

“ஆளுக்கொரு இடத்தில விடுவம். நான் விடேக்க பக்கத்தில நிக்கிறவள் பாட்டைப் பிடிச்சிருப்பாள்.”

யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். “பொஸ்டனில இடம் கிடைச்சிருக்கு. இந்தப் பழைய பாட்டுகள்தான் படிப்பு. நீங்கள் வேண்டாம் எண்டால் போகேல்லை.”

“செத்த ராணிக்குப் பாடினால் ஆர் சம்பளம் தருவினம்?”

“பகிடி விடாதேங்கோ அப்பா. தனிய இருந்து என்ன சாப்பிடுவீங்கள்?”

“ரின்னில அடைச்ச மீனும் சோறும். எங்கட புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில வேலை செய்யிற பாதிப்பேர் அதிலதான் உயிர் வாழுறம். போய்ப் படி.”

என் தோளில் தலையைச் சாய்த்தாள். நீ போனதற்குப் பிறகு அப்படிச் சாய்ந்ததில்லை. நான் அசையாமல் இருந்தேன், கை மரத்துப்போகும்வரை.

செப்டம்பரில் நானே கூட்டிக்கொண்டுபோய் விடுவேன். அவள் முன்னால் அழமாட்டேன், இது உனக்குத் தரும் வாக்கு. அங்கே அவள் பாடும்போதும் போவேன், கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

நேற்று மெட்ரோவிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வர லாசால் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு சொல் தொண்டைவரை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பத் திரும்பச் சொன்ன அதே சொல். நீ கேட்கவில்லை. அவள் கேட்டுவிடுவாள் என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன்.

போகாதை.

உன் மனுசன்,
அபியின் அப்பா