ஏழு பெயர்களுக்கு இரண்டு பதில்

மாப்ளே,

நேற்று மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பழைய ரேடியோ நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்க்கிறவள். காபியைக் கூடக் குடிக்காமல் போனை மேசைமேல் வைத்து ஒரு பாட்டைப் போட்டாள். முதலில் குச்சியோடு குச்சியை மூன்று தரம் தட்டும் சத்தம். உன் டிரம்ஸ் எப்போதும் அப்படித்தானே ஆரம்பிக்கும்.

நாம் மூன்று பேரும் ரேடியோ நிலையத்தில் நேரடியாக வாசித்த அந்த மதியத்தை, போடிமெட்டில் ஒரு கடைக்காரர் புதிதாக வாங்கிய டேப்ரிக்கார்டரைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பதிந்து வைத்திருந்தாராம். நடுவில் யாரோ இருமுகிறார்கள், பாத்திரம் உருளுகிறது. மூன்று பாட்டும் இருக்கின்றன.

"மூணாவது பாட்டுல ரெண்டு பேருக்குப் பதில் சொல்லிட்டு கிதார் அப்படியே நின்னுடுது சார். கேக்குறப்ப புல்லரிக்குது. அது யார் யோசனை?" என்று கேட்டாள்.

"அவனோட யோசனைதாம்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அந்தப் பாட்டை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று அவளுக்குத் தெரியாது. விடிகாலையில் மலையடிவாரத்தில் எஸ்டேட் ஜீப்பு வந்து நிற்கும். கங்காணி சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பெண்கள் ஏறவேண்டும். சொல்லாதவளுக்கு அன்று வேலை இல்லை. உன் அம்மா அந்த வரிசையில் நின்றவர். அதையே நீ பாட்டாக்கினாய். நீ பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், என் கிதார் ஒரே வெட்டாக 'இருக்கேன்' என்று பதில் சொல்லவேண்டும். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாருமாக நாம் அடித்த கூத்தைக் கல்யாண வீடுகளில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் குழந்தைகள்கூடச் சும்மா நிற்கும்.

அது எமர்ஜென்சி காலம். ரேடியோவில் பாடப்போகும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஏலம், மிளகு, காப்பி, மூங்கில், பலா, சாரல், மேகம் என்று நீ கூப்பிடும் ஏழு பெயர்களையும் நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். குழுத் தலைவர் என்ற இடத்தில் கையொப்பமும் என்னுடையதுதான். அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் அந்த ஜீப்பு கொண்டை ஊசி வளைவிலிருந்து உருண்டது. ஏறியிருந்த ஏழு பெண்களும் பள்ளத்தில் செத்துப்போனார்கள். எஸ்டேட்டோ நஷ்டஈட்டுக்குப் பயந்து, வண்டியில் மூன்று பேர்தான் இருந்தார்கள், மற்ற நான்கு பேரும் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொல்லிவிட்டது. சீட்டு எங்கே போனதோ தெரியவில்லை. உன் அம்மாதான் எட்டாவது ஆள். இடமில்லை, நாளைக்கு வா என்று கங்காணி நிறுத்திவிட்டார். ஏழு பேரும் 'இருக்கேன்' என்று சொல்லி ஏறியதைக் காதால் கேட்டவர், கங்காணியை விட்டால், உன் அம்மா ஒருவர்தான். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். துரத்திவிட்டார்கள். மறுவாரமே அதே வரிசையில் போய் நின்றார், வேறு வழி இல்லாமல்.

இதை நீ ஒரே ஒரு தரம்தான் என்னிடம் சொன்னாய். "நமக்கெதுக்கு மாப்ளே இந்த வம்பு" என்றேன். அந்த எஸ்டேட்டு ஏலக்காயை எங்கள் அப்பாதான் ஏலத்துக்குக் கொண்டுபோவார். நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

அந்த மதியம் ஸ்டுடியோவில் ஒலிபரப்புக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதுக்கு மூன்று தட்டு தட்டினாய். 'ஏலம்' என்று வரவேண்டிய இடத்தில் "பேச்சியம்மா" என்றாய். என் கை பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது. "ராக்காயி." அதற்கும் சொல்லிவிட்டது. மூன்றாவது பெயருக்கு நீ வாயைத் திறக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வரவில்லை. உன் அம்மாவும் வரவில்லை. தாளில் கிடக்கும் என் கையொப்பம்தான் கண்முன் நின்றது. கை கம்பிமேல் அப்படியே கிடந்தது. பேஸ் வாசித்தவன் என் கையைப் பார்த்தே வாசிக்கிறவன், அவனும் நிறுத்திவிட்டான்.

"அன்னக்கொடி." காத்திருந்தாய். "வீராயி." காத்திருந்தாய். "ஒச்சம்மா." ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் என் பதிலுக்கான இடத்தை விட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தாய். "பஞ்சவர்ணம்." "ஈஸ்வரி." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எழுந்து நின்றார். கையில் நான் எழுதிக் கொடுத்த தாள். ஒலிபரப்பை நிறுத்த அவருக்கும் கை ஓடவில்லை போலிருக்கிறது.

போடிக்குத் திரும்பிய ரயிலில் நாம் இரண்டு பேர்தான், பேஸ் வாசித்தவன் வழியிலேயே இறங்கிவிட்டான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காக்கிச் சட்டையைத் தேடினேன். தேனியில் காக்கி போட்ட ஒருவன் நம் பெட்டியில் ஏறி எதிரே உட்கார்ந்தான். அவன் கடலை உரித்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். நீ டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கையும் நடுங்கியது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போடி ஸ்டேஷன் வாசலில் எஸ்டேட் ஜீப்பு நின்றது. சூப்பர்வைசரும் இரண்டு ஆட்களும் பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டார்கள்.

"யாருடா பேரைச் சொன்னது?"

"நாந்தேன்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். நீதான் முந்திக்கொண்டாய். "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. ரேடியோவுல கேட்டீகள்ல, பாதியில நிப்பாட்டிட்டான்ல."

அவர் யோசித்தார். "ஆமா, நிப்பாட்டுனான்" என்று தலையாட்டினார். உன்னை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார்கள். எங்கள் வீடு நாலு தெரு தள்ளித்தான். ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கக்கூடும். நான் கிதாரை உறையில் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நடந்தே இறங்கி வந்தாய். இடது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை. உன் அம்மாவை அதற்குப்பின் எந்த எஸ்டேட் ஜீப்பிலும் ஏற்றவில்லை. இவ்வளவுக்கும் அந்தப் பாட்டால் நடந்தது ஒன்றே ஒன்றுதான். கங்காணி கொஞ்ச நாளைக்குப் பெயர் வாசிக்காமல், தலையை எண்ணி ஏற்றினாராம். அவருக்கும் அந்த ஏழு பெயர்கள் காதில் விழுந்திருக்கும்.

நீ திருப்பூருக்குப் பிழைக்கப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் உன்னை வழியனுப்ப வந்தேன். உன் அம்மா பஸ்சுக்குள் மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நீ தடுத்துவிட்டாய்.

"விடு மாப்ளே. நல்லாத்தேன் நிப்பாட்டுன. செத்தவக எங்கிட்டுப் பதில் சொல்லுவாக? யாரு கேட்டாலும் நாந்தேன் அப்படி வாசிக்கச் சொன்னேன்னு சொல்லு."

நான் சிரித்தேன். பாரம் இறங்கிவிட்டது என்று சிரித்தேன். உன் விரல்களைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பு வந்தது என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. நேற்று அந்தப் பெண்ணிடம் சொன்னது நீ கற்றுக்கொடுத்த பொய்தான். இத்தனை வருடமாக அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கில் தழும்பேறிவிட்டது.

நீ இறந்துபோன செய்தி தை மாதம் வந்தது. பஸ்சுக்குக் கிளம்பிச் சட்டைகூடப் போட்டேன். உன் மகன் உன் விரல்களைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. சட்டையைக் கழற்றிவிட்டேன்.

இப்போது யாருக்குப் பயப்படுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எஸ்டேட் இரண்டு கை மாறிவிட்டது. முதலாளி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, கங்காணி இல்லை, எங்கள் அப்பாவும் இல்லை. அந்தத் தாள் எந்தக் காகிதக் கட்டுக்குள் மக்கிப்போனதோ. நேற்று அவள் போனபின், பாக்கி ஐந்து பேருக்கும் இன்றைக்காவது பதில் சொல்லிவிடுவோம் என்று கிதாரை எடுத்து மடியில் வைத்தேன். பட்டப்பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. "அன்னக்கொடி" என்று கூப்பிட வாயைத் திறந்தவன், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், மாப்ளே.