கயிறா, சுவிச்சா

சிங்கப்பூர்
2-2-1937

அன்பின் லூர்த்தம்மாவுக்கு,

மாதாவின் கிருபையால் நான் சுகம். உம்முடைய தாயாரின் இடுப்பு இப்போது எப்படி?

வேலைத்தலத்துக்கு வரும் துரை ஒருவர் தம் பாய்ப்படகுக்கு வாங்கிய இரண்டு மோட்டார்களை விற்கப் போகிறார். படகின் பின்னால் கொழுவிவிட்டால் காற்றில்லாமலும் ஓடும். ஒன்று பெற்றோலில் ஓடுவது, மற்றது பற்றரி மின்சாரத்தில். உம்முடைய தம்பி பிலிப்புவின் தோணிக்கு ஒன்றை அனுப்ப நினைக்கிறேன். எது வேண்டுமென்று கேட்டு எழுதும். என்னைக் கேட்டால் பெற்றோல்தான். சத்தத்திலேயே ஒரு கம்பீரம் இருக்கிறது.

இன்னொன்று. மண்டைதீவுக்குத் தாயாரைப் பார்க்கப் போகும்போது பிலிப்பு இல்லாமல் தோணியில் கால் வைக்க வேண்டாம். புறப்படும்போது சொன்னதைத்தான் திரும்பவும் சொல்கிறேன். என் கூடப்பிறந்த அண்ணையைக் கடல் கொண்டுபோனது எனக்குப் போதும்.

சூசைதாசன்

குருநகர்
25-2-1937

இஞ்சாருங்கோ,

உங்கள் படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று தரம் எழுதிவிட்டேன். மோட்டாருக்குக் கடிதத்தில் இடம் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை.

அம்மா படுக்கைதான். அந்த வீட்டை விட்டு வரவும் மாட்டா. பக்கத்து வீட்டார் கஞ்சி கொடுக்கிறார்கள். குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது நான்தான், புதனும் ஞாயிறும்.

பிலிப்புவுக்கு எதுவென்றாலும் சரியாம். ஆகையால் நான் கேட்கிறேன். பெற்றோல் மோட்டாரைக் கிளப்பக் கயிறு இழுக்க வேண்டுமாமே, எத்தனை தரம்? இருந்தபடி இழுக்கலாமா? சேலைத் தலைப்பு அகப்படாதா? சும்மா அறியத்தான்.

லூர்த்தம்மா

சிங்கப்பூர்
20-3-1937

அன்பின் லூர்த்தம்மாவுக்கு,

கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி, எழும்பி நின்று, ஓங்கி இழுக்க வேண்டும். நல்ல நாளில் மூன்று தரம், கோபித்துக்கொண்டால் பத்து. சேலைத் தலைப்பு அகப்படும். ஆனால் வேகம் என்றால் வேகம், ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிக்க முதல் மண்டைதீவு வந்துவிடும்.

மற்றதில் சுவிச்சைத் திருப்பினால் போதும். பூனை மாதிரி ஓடும். பற்றரிதான் பெரும் பாரம். இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், பிறகு பட்டணத்தில் கார் திருத்தும் கடையில் கொடுத்து ஏற்ற வேண்டும்.

பிலிப்புவின் கைக்குக் கயிறு ஒரு பொருட்டா? அவன் ஏன் ஒரு வரி எழுதவில்லை? தெற்கே இருந்து சோளகக் காற்றுத் தொடங்க முதல் முடிவு சொல்லும்.

சூசைதாசன்

குருநகர்
9-5-1937

இஞ்சாருங்கோ,

முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கோ.

மார்கழியில் நத்தார்ப் பெருநாள் முடிந்த கிழமை பிலிப்பு வழுக்கி விழுந்து தோளெலும்பு முறிந்தது. கை இன்னும் தலைக்கு மேலே எழும்பாது. அன்று தொட்டுத் தோணியை நான்தான் ஓட்டுகிறேன், தனியே. இதுவரை பாயை நம்பிப் போனேன். இப்போது சோளகம் முகத்தில் அடிக்கிறது. போன புதன் சவள் துடுப்பு வலித்துக் கை வீங்கி, போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. அம்மா நனைந்த படுக்கையிலே கிடந்தா. "இனி வரமாட்டாய் எண்டு நினைச்சன், பிள்ளை" என்றா.

பொம்பிளை தனியே தோணி ஓட்டுகிறாள் என்று கரையில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். உங்கள் அண்ணையை நினைத்துத்தான் மறைத்தேன். உங்கள் சொல்லைத் தட்டியது பிழை, எழுதும்போதே அழுகை வருகிறது. ஆனால் போவதை நிறுத்த மாட்டேன். கயிறு இழுக்க என்னால் ஏலாது. சுவிச்சு மோட்டாரை அனுப்புங்கோ.

உங்கள் லூர்த்தம்மா

சிங்கப்பூர்
9-5-1937

என் லூர்த்தம்மாவுக்கு,

உம்முடைய முடிவு வருமட்டும் இருக்க எனக்குப் பொறுமை இல்லை. பிலிப்பு சேலை கட்டுவதில்லை. அந்த ஒரு வரியை வாசித்த நாள் தொட்டு எனக்கு நித்திரை இல்லை. நீராகவே உண்மையை எழுதுவீர் என்று பார்த்திருந்தேன். கோபத்தில் ஒரு கடிதம் எழுதினேன், பிறகு கிழித்துவிட்டேன். தாயைப் பார்க்கப் போகாதே என்று சொல்ல நான் யார்? பயம் மட்டும் போகவில்லை, அது இருக்கட்டும்.

மின்சார மோட்டாரை நேற்றுக் கப்பலில் ஏற்றிவிட்டேன். பற்றரி இரண்டு வரும். ஒன்று பட்டணத்தில் ஏறும்போது மற்றது தோணியில் இருக்கட்டும். பாயைக் கழற்ற வேண்டாம், வரும்போது சோளகமே தள்ளிக்கொண்டு வரும். காற்றுப் பலமான நாளில் மட்டும் தாயார் பொறுத்துக்கொள்ளட்டும்.

சுவிச்சு வலப்பக்கம் இருந்தது. நானே கழற்றி இடப்பக்கம் மாற்றிப் பூட்டினேன். இது என்ன புதினம் என்று கூட வேலை செய்கிறவன் கேட்டான்.

"என்ரை மனிசி இடக்கைக்காரி" என்று சொன்னேன்.

சூசைதாசன்