உப்புப் பார்க்கிறவன்

பெப்ரவரி 11, புதன்

பட்டிக்கு வந்து இருபது நாள். நூற்றுப்பத்து மாடு, மூன்று மனிதர், சமைக்க நான். முசலி ஊருக்கும் அப்பால், தார் றோட்டு முடிந்து போகும் காட்டோரம். முதலாளி கொழும்பில். மாடுகளை இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம்.

வஸீர் நானாதான் இங்கே மூத்தவர், பொறுப்பு; அவருக்குக் கீழே மாடு மேய்க்க இன்ஸாப், றிஸ்வி. அவருடைய வாப்பாவின் காணி வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. தொண்ணூறில், சண்டைக்காலத்தில், முஸ்லிம்கள் என்று துரத்தப்பட்டார்கள். திரும்பி வந்தபோது காணியில் மரம் நின்றது, மரத்தில் அரசாங்கப் பலகை தொங்கியது: காடு, உள்ளே வரத் தடை. முதலாளியின் மாடு போகலாம். நானா போகக்கூடாது. இதை அவர் கோபமே இல்லாமல் சொல்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இரவுக்கு மீன் குழம்பு. இன்ஸாப் விரலைச் சூப்பியபடி கேட்டான்: "வெளிநாட்டு ஆமியில நீ துவக்குப் பிடிச்சனியோ, சட்டி பிடிச்சனியோ?"

"ரெண்டும்."

குழம்பு எனக்கு வெந்நீர் மாதிரி இருந்தது.

பெப்ரவரி 13, வெள்ளி

ஒரு தடவையாவது எழுதிவைக்க வேண்டும். ஐரோப்பாவில் குசினி வேலை என்றான் ஏஜென்ற். விமானத்தால் இறங்கிப் பத்தாம் நாள் உடுப்பைத் தந்தார்கள், துவக்கைத் தந்தார்கள். யாருடைய சண்டை என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் ஷெல். கையும் காலும் இருக்கின்றன. மூக்கும் நாக்கும் செத்துவிட்டன.

அம்மாவுக்குத் தெரியாது. நானாவுக்கும் தெரியாது. என் ஊர் அரிப்பில் என்னைத் தோணியில் ஏற்ற ஆள் இல்லை — ராசியில்லாதவன். வலை காயுமாம். ஒப்பாரிக்கும் பூசைக்கும் வரலாம், கடலுக்கு வரக்கூடாது. என்னை நம்பியது இந்த அடுப்பு ஒன்றுதான். உப்பு கரண்டி அளவில் போடுகிறேன். அந்த அளவு பிழைக்காதவரை நான் சமையல்காரன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பொழுதுபட மாடுகள் குசினியைச் சுற்றி வந்து நின்றன. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் என்னையே பார்த்தன.

பெப்ரவரி 16, திங்கள்

இன்றும். கதவு நிலையை நக்குகின்றன, கொடியில் காயும் என் சேர்ட்டை நக்குகின்றன. இன்ஸாப் சிரித்தான்: "உப்புக்கு வருதுகள்டா. உன்ர வேர்வையும் உப்புத்தானே." சரி, காரணம் தெரிந்துவிட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த பசுவுக்கு ஒரு பிடி உப்புக் கொடுத்தேன். நக்கி முடித்த பிறகும் அது போகவில்லை. கண் மூடாமல் நின்றது.

பெப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். கோயிலுக்குப் போக வழியில்லை. அடுப்புச் சாம்பலை நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

இன்றோ நாளையோ பிறை. நானா சொன்னார்: "தம்பி, நாங்க பகல்ல வாயில ஒண்டும் வைக்கேலாது. நோன்புக் கஞ்சிக்கு நீதான் உப்புப் பாக்கோணும். அல்லாஹ் பாத்து அனுப்பின ஆள் நீ."

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஓம் நானா" என்றேன்.

பெப்ரவரி 20, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. இறைச்சிக் கஞ்சி. "தவக்கால வெள்ளி, நான் இறைச்சி தொடமாட்டன்" என்றேன். றிஸ்வி விடவில்லை: "அப்ப உன்ர நாக்கும் நோன்போ? மத்த நாளெல்லாம் கரண்டியை நக்கிக்கொண்டு திரியிறாய்!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிழமையில் ஒரு நாள்தான் நான் பொய் சொல்லாமல் சமைக்கிறேன்.

பெப்ரவரி 26, வியாழன்

குசினிக்குள் ஒரு மணம். எனக்கா? மணமா? நனைந்த கம்பளிக் கோட்டும் டீசலும். விறகைக் கிளறினேன், மூட்டைகளைப் புரட்டினேன். எதுவும் இல்லை. முருங்கை இலையை மூக்கில் தேய்த்தேன், அதன் மணம் வரவில்லை. கோட்டு மட்டும் மணக்கிறது.

யாருடைய கோட்டு என்று எனக்குத் தெரியும். பனியில் ஒரு குழி. ஆறு பேருக்கு சூப் கொண்டுபோனேன். வரிசையாகக் குந்தியிருந்தார்கள், மடியில் கோப்பை. ஊற்றிக்கொண்டே போனேன். நாலாவது கோப்பை நிரம்பி வழிந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் உயிர் இல்லை. மற்ற இரண்டு கோப்பைக்கும் ஏன் ஊற்றினேன்?

மார்ச் 2, திங்கள்

மணம் போகவில்லை. பொழுதுபட்டால் கூடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் உழவு இயந்திரத்தில் சாமான் வந்தது. களஞ்சியக் கூரை ஒழுகுவதால் எல்லா மூட்டைகளையும் குசினிக்குள் இறக்கினார்கள். பின்னேரம் உப்பு டின் வெறுமை. அந்த மணம் மூக்கில் ஏறி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு வெள்ளை மூட்டையைப் பிரித்து டின்னை நிரப்பினேன். கஞ்சிக்கு மூன்று கரண்டி. வெள்ளிக்கிழமை, உப்புப் பார்க்க ஒருவரும் இல்லை.

மாடுகள் வந்தன. சுட்டிக்கு ஒரு பிடி நீட்டினேன். மூக்கை வைத்தது. ஊதியது. ஒரு அடி பின்னால் போனது. அதன் பிறகு மற்றவையும் ஒரு அடி. எல்லாம் சேர்ந்து, ஒரே குளம்புச் சத்தம்.

உள்ளங்கையில் இருந்ததை உருட்டினேன். கல்லுப்பு உருளாது. இது உருண்டது. வைக்கோலுக்குத் தெளிக்கிற யூரியா.

நோன்பு திறக்கிற பாங்குக்கு எட்டு நிமிடம். வெளியே பாயில் மூன்று பேரும் வரிசையாக, முன்னால் கோப்பை. களைப்பில் பேச்சில்லை. தலை தொங்கியிருந்தது, கை முழங்காலில். அப்பிடியே. அந்தக் குழியிலயும் அப்பிடியேதான் இருந்தவங்கள். என்னால் அசைய முடியவில்லை. யேசுவே, இவங்களுக்கு உயிர் இருக்கோ?

"றிஸ்வி!" என்று கத்தினேன். தலையைத் தூக்கினான்.

பானையை உதைத்தேன்.

"விசரா! நோன்பாளிகட கஞ்சியை ஏன்டா கவுட்டாய்?" றிஸ்வி என் சேர்ட்டைப் பிடித்துவிட்டான். "வேணுமெண்டு உதைச்சவன், நானா! நான் பாத்தனான்!"

கால் தட்டுப்பட்டது என்று சொன்னால் போதும். டின்னை மூட்டைக்குள் கொட்டினால் முடிந்தது. நாளைக்கும் நான் சமையல்காரன். நாளைக்கும் இவர்கள் என் நாக்கை நம்புவார்கள்.

"உப்பெண்டு யூரியாவைப் போட்டுட்டன்" என்றேன். "எனக்கு ருசி தெரியாது. மணமும் தெரியாது. ஷெல் விழுந்த நாளிலயிருந்து."

வஸீர் நானா குசினிக்குள் போய்ப் பொத்திய கைகளோடு வந்தார். "நாக்கை நீட்டு." ஒரு சிட்டிகை வைத்தார். வாய் கொப்பளிக்கச் சொன்னார். மற்றக் கையிலிருந்து இன்னொரு சிட்டிகை.

"எது உப்பு?"

"தெரியாது, நானா."

"ரெண்டும் சீனி."

இன்ஸாப்பின் ஃபோனில் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழமும் தண்ணீரும்.

மார்ச் 7, சனி

றிஸ்வி தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றினான். கிறிஸ்தவன் நோன்புக் கஞ்சியில் நஞ்சு வைத்தான் — இந்தக் கதை நாளைக்கு றோட்டில் ஏறினால் எத்தனை பேர் நம்புவார்கள்? எத்தனை பேருக்கு அது வசதியாக இருக்கும்? உடுப்பைக் கட்டிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

"எங்க போறாய்?" என்றார் நானா.

"வீட்ட."

"கஞ்சி ஆர் காச்சுறது? மாடோ?"

"உங்களைக் கொல்லப் பாத்தவன் நான்."

"அது இல்ல உன்ர பிழை. பொய் சொன்னதுதான் பிழை. பையை வை."

இன்ஸாப் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு ஃபோன் எடுத்து மார்க்கம் கேட்டிருக்கிறான்: தேவையென்றால் நோன்பாளியும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கலாம், விழுங்காமல் துப்ப வேண்டும். யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவன் றிஸ்விதான்.

மார்ச் 11, புதன்

நானா கரண்டி நுனியை நாக்கில் வைத்தார், மூன்று தடவை துப்பினார், "இன்னும் ரெண்டு கரண்டி" என்றார். போட்டேன்.

பாங்கு சொன்னது. எனக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். குடித்தோம். அதன் பிறகு மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். தலை குனிந்தபடி, சத்தமில்லாமல். என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நானா," என்றான் றிஸ்வி, "இது கஞ்சியோ, கடலோ?"

"நாக்குச் செத்தவன் போட்ட உப்பு இதைவிட அளவா இருந்திச்சு" என்றான் இன்ஸாப்.

"துப்புற அவசரத்தில விளங்கேல்லடா!" என்றார் நானா.

"கிழவா, நாளைக்கு நான் பாக்கிறன்!" என்றான் றிஸ்வி.

"நீ பாத்தா விழுங்கிப்போடுவாய்!"

மிச்சக் கஞ்சியில் கலக்கச் சுடுதண்ணீர் எடுக்க எழும்பிப் போனேன். கேத்திலோடு திரும்பி வரும்வரை அவர்கள் ஓயவில்லை.